சீட்டில்லாத மாத்திரை

தமிழ்நாட்டில் திருநங்கைகள் மருத்துவரைப் பார்க்காமல் தாமாகவே எடுத்துக்கொள்ளும் ஹார்மோன்களில் மிக எளிதாகக் கைக்கு வருவது கருத்தடை மாத்திரைதான். அரசு சுகாதார நிலையங்களில் இலவசமாகத் தரப்படும் மாலா-என் அட்டையில் 28 மாத்திரைகள் இருக்கும். அவற்றில் ஏழு வெறும் இரும்புச்சத்து. மற்ற 21 மட்டுமே ஹார்மோன். அந்த ஒவ்வொன்றிலும் 0.03 மில்லிகிராம் எத்தினைல் எஸ்ட்ராடயாலும் 0.15 மில்லிகிராம் லெவோநார்ஜெஸ்ட்ரலும் உண்டு. குழந்தைப்பேற்றைத் தள்ளிப்போட நினைக்கும் பெண்ணின் உடலை மனத்தில் வைத்துக் கணக்கிட்ட அளவு இது. ஆண் உடலோடு பிறந்து பெண்ணாக வாழ்பவருக்கு இதில் எத்தனை மாத்திரை, எத்தனை நாள் என்று அட்டையின் பின்புறம் எதுவும் அச்சிடப்படவில்லை. அந்தக் கணக்கைத் தோழியோ, குருவோ, முன்பு போட்டுப் பார்த்த ஒருவரோதான் வாய்மொழியாகச் சொல்கிறார்கள்.

திண்டுக்கல் போன்ற நடுத்தர நகரத்தில் இந்த வாய்மொழிக்கு வலு அதிகம். வேடசந்தூர், நிலக்கோட்டை, ஒட்டன்சத்திரம், வத்தலக்குண்டு என்று சுற்றியுள்ள ஊர்களுக்கெல்லாம் நகரம் சந்தையும் சந்திப்புமாக இருக்கிறது. மருந்துக் கடைக்குக் குறைவில்லை. பாலின மாற்றச் சிகிச்சையில் பழக்கமுள்ள சுரப்பியல் மருத்துவரைத் தேடினால் பெரும்பாலும் மதுரைக்குத்தான் வண்டி ஏற வேண்டும். சாலை வழியே ஏறக்குறைய 65 கிலோமீட்டர். தூரம் பெரிதில்லை. ஆனால் மில் வேலையோ, பூப்பறிப்போ, கடை கடையாகக் காசு கேட்பதோ, ஒரு நாள் போனால் ஒரு நாள் வருமானம் போய்விடும். முதல் முறை டோக்கன், இரண்டாம் முறை இரத்தப் பரிசோதனை, மூன்றாம் முறை மனநல மருத்துவரின் கடிதம் என்று நாள்கள் கரையும்போது, தெருமுனை மெடிக்கலில் கிடைப்பது நியாயமாகவே தோன்றும். இந்தத் தோற்றம் எங்கே சரி, எங்கே தவறு என்பதை அறிய, முதலில் அந்த மாத்திரை உடலுக்குள் என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும்.

வீட்டு மொட்டைமாடித் தொட்டியில் மிதவை வால்வு ஒன்று இருக்கும். தண்ணீர் உயர்ந்தால் மிதவையும் உயர்ந்து குழாயை அடைத்துவிடும். மூளையின் அடியில் உள்ள ஹைப்போதலாமசும் பிட்யூட்டரியும் பாலின ஹார்மோன்களிடம் ஏறக்குறைய அப்படித்தான் நடந்துகொள்கின்றன. இரத்தத்தில் ஈஸ்ட்ரோஜனோ டெஸ்டோஸ்டிரோனோ நிறைந்திருந்தால், விரைகளைத் தூண்டும் செய்தியைப் பிட்யூட்டரி குறைத்துக்கொள்ளும். வெளியிலிருந்து ஈஸ்ட்ரோஜன் கொடுத்தாலே உடலின் சொந்த டெஸ்டோஸ்டிரோன் இறங்கத் தொடங்குவது இதனால்தான். கருத்தடை மாத்திரையும் இதே வழியில் வேலை செய்கிறது. எனவே அதைச் சாப்பிடும் திருநங்கைக்குச் சில மாதங்களில் மார்பு முளைவிடுவது கற்பனையல்ல. மருந்து உண்மையாகவே வேலை செய்கிறது. ஒன்றுமே நடக்காத மருந்தாக இருந்தால் யாரும் இரண்டாம் அட்டையை வாங்கப்போவதில்லை.

சிக்கல் எத்தினைல் என்ற அந்த முன்னொட்டில் இருக்கிறது. உடல் இயற்கையாகச் சுரக்கும் எஸ்ட்ராடயாலை வாய்வழி கொடுத்தால் குடல் சுவரும் கல்லீரலும் சேர்ந்து பெரும்பகுதியைச் சிதைத்துவிடும். 1938-இல் ஜெர்மனியின் ஷெரிங் நிறுவன ஆய்வகத்தில் இன்ஹோஃபனும் ஹோல்வெக்கும் அந்த மூலக்கூறின் ஓரத்தில் எத்தினைல் என்னும் சிறு கார்பன் குழுவைப் பொருத்தினார்கள். அதன்பின் கல்லீரலால் அதை எளிதில் உடைக்க முடியவில்லை. மிகச் சிறிய அளவே போதும் என்றானது. பிற்காலக் கருத்தடை மாத்திரைகள் பெரும்பாலும் இதன்மேல்தான் எழுந்தன. உடைபடாத அந்த மூலக்கூறு கல்லீரலுக்குள் மறுபடி மறுபடி வந்து போகிறது என்பது இதன் மறுபக்கம். இரத்தத்தை உறையச் செய்யும் புரதங்களைத் தயாரிக்கும் பட்டறையும் கல்லீரலேதான். தூண்டல் ஏற ஏற உறையவைக்கும் புரதங்கள் கூடுகின்றன. உறைவைத் தடுக்கும் ஏற்பாடுகள் தளர்கின்றன. கெண்டைக்கால் இரத்தநாளத்தில் உறைகட்டி விழுந்து அது நுரையீரலுக்குப் பயணப்பட்டால் உயிருக்கே ஆபத்து.

இந்த ஆபத்து எவ்வளவு பெரிது என்பது தெரியவந்த கதை, தாமே மருந்து எடுப்பதா, மருத்துவரிடம் போவதா என்ற மையக் கேள்விக்கே விடை போன்றது. ஆம்ஸ்டர்டாமின் பல்கலைக்கழக மருத்துவமனை 1970களிலிருந்து பாலின மாற்றச் சிகிச்சை அளித்துவந்தது. அங்கே திருநங்கைகளுக்கு வழக்கமாகத் தரப்பட்டது நாளொன்றுக்கு 100 மைக்ரோகிராம் எத்தினைல் எஸ்ட்ராடயால், கூடவே ஆண் ஹார்மோனைத் தடுக்கும் சைப்ரோட்டரோன் 100 மில்லிகிராம். மாலா-என் கணக்கில் சொன்னால் நாளுக்கு மூன்று மாத்திரையைவிடச் சற்றுக் கூடுதல். 816 திருநங்கைகளைப் பின்தொடர்ந்து வான் கெஸ்டரனும் சக ஆய்வாளர்களும் 1997-இல் வெளியிட்ட ஆய்வு, நாளங்களில் இரத்தம் உறைவது எதிர்பார்க்கப்பட்ட எண்ணிக்கையைப் போல் 20 மடங்கு இருந்ததாகக் காட்டியது. 40 வயதைக் கடந்தவர்களுக்குத் தோல்வழி ஈஸ்ட்ரோஜனை மாற்றித் தந்தபின் அது வெகுவாகக் குறைந்தது. 2003-இல் அதே மருத்துவமனையைச் சேர்ந்தவர்கள் காரணத்தையும் பிரித்துக் காட்டினார்கள்: உறைவைத் தடுக்கும் இயல்பான ஏற்பாட்டை எத்தினைல் எஸ்ட்ராடயால் பெரிதும் முடக்குகிறது, இயற்கை எஸ்ட்ராடயால் அந்த அளவுக்கு முடக்குவதில்லை. 2011-இல் வந்த தொடர் ஆய்வில், எத்தினைல் எஸ்ட்ராடயாலை அப்போதும் எடுத்துக்கொண்டிருந்தவர்களுக்கு இதய, இரத்தநாள நோயால் சாகும் வாய்ப்பு ஏறக்குறைய மூன்று மடங்காக இருந்தது. பாலின மாற்றச் சிகிச்சையிலிருந்து அந்த மருந்து விலக்கப்பட்டது இந்த வரிசை ஆய்வுகளால்தான்.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. அந்த 816 பேருக்கும் மாத்திரையைத் தந்தவர்கள் மருத்துவர்களே. தவறான மருந்து சீட்டோடுதான் வந்தது. ஆனால் யாருக்கு என்ன தரப்பட்டது, யாருக்குக் கால் வீங்கியது, யார் இறந்தார் என்று ஏட்டில் பதிவிருந்ததால் தவறு கண்டுபிடிக்கப்பட்டது, திருத்தப்பட்டது. சந்தில் வாங்கிச் சாப்பிட்டு மூச்சுத்திணறி இறந்தவருக்கு எந்த ஏட்டிலும் வரி கிடையாது. ‘மாரடைப்பு’ என்று ஊர் பேசி முடித்துவிடும். மருத்துவக் கண்காணிப்பின் சாரம் மருத்துவரின் அறிவைவிட அதிகமாக இந்தக் கணக்கு வைப்பதில்தான் அடங்கியிருக்கிறது. இதை மனத்தில் கொண்டால், விவாதத்தின் பாதிச் சூடு தணிந்துவிடும்.

தாமே மருந்து தேடிக்கொள்வது இந்தக் காலத்துப் பழக்கமும் அல்ல. பாலின ஹார்மோன்கள் ஆய்வகத்தில் பிரித்தெடுக்கப்பட்ட உடனேயே அது தொடங்கிவிட்டது. டெஸ்டோஸ்டிரோன் தனித்து அறியப்பட்டது 1935-இல். 1939-இல் இங்கிலாந்தில் மைக்கேல் டில்லன் என்ற திருநம்பி ஒரு மருத்துவரிடமிருந்து அந்த மாத்திரைகளைப் பெற்று, முறையான கண்காணிப்பு ஏதும் இல்லாமல் தாமே உட்கொள்ளத் தொடங்கினார். பிறகு மருத்துவம் படித்தார், ஹார்மோன்களையும் அறவியலையும் பற்றி 1946-இல் ஒரு நூல் எழுதினார், கடைசியில் பௌத்தத் துறவியாக இந்தியாவுக்கு வந்து 1962-இல் இமயமலைச் சாரலில் உள்ள டல்ஹவுசியில் காலமானார். அமெரிக்கத் திருநங்கை கிறிஸ்டின் ஜார்கன்சன் 1940களின் இறுதியில் மருத்துவ உதவியாளர் படிப்பில் சேர்ந்திருந்தபோது எத்தினைல் எஸ்ட்ராடயாலைத் தாமே வாங்கிச் சாப்பிட்டுப் பார்த்தவர். 1950-இல் அவர் டென்மார்க் போய்ச் சேர்ந்தபின், கிறிஸ்டியன் ஹாம்பர்கர் என்ற சுரப்பியலாளர் அவரது சிறுநீரை நாள்தோறும் சோதித்து, ஹார்மோன் அளவைக் குறித்து, மருந்தைக் கூட்டியும் குறைத்தும் பார்த்தார். உலகச் செய்தித்தாள்கள் அறுவை சிகிச்சையைத்தான் தலைப்பில் போட்டன. மருத்துவ வரலாற்றில் நின்றது அந்தச் சிறுநீர்க் கணக்கு.

திண்டுக்கல்லுக்கு இந்த வரலாற்றில் ஓரிடம் உண்டு. நாமக்கல் பகுதியில் பிறந்த திருநங்கை ரேவதி, 2010-இல் ஆங்கிலத்திலும் பின்னர் ‘வெள்ளை மொழி’ என்று தமிழிலும் வெளிவந்த தன்வரலாற்றில், தம் நிர்வாண அறுவைக்காக (ஆணுறுப்பு நீக்கத்துக்காக)த் திண்டுக்கல்லுக்கு வந்ததைப் பதிந்திருக்கிறார். அக்காலத்தில் ஜமாத் என்னும் திருநங்கைகளின் சமூக அமைப்புக்குள் இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று தாயம்மா முறை: மயக்க மருந்தில்லாமல், தாங்கள் வழிபடும் மாதா என்னும் பெண் தெய்வத்தின் படத்துக்கு முன், அனுபவமுள்ள மூத்த திருநங்கை கத்தியால் அறுப்பது. மற்றது டாக்டர் முறை: பணம் வாங்கிக்கொண்டு சத்தமில்லாமல் செய்து தரும் மருத்துவரிடம் போவது. லிவிங் ஸ்மைல் வித்யா 2007-இல் எழுதிய ‘நான், வித்யா’விலும் ஆந்திரத்தின் கடப்பாவுக்குப் போய் அறுவை செய்துகொண்ட அனுபவம் வருகிறது. டாக்டர் முறை என்பது பெயரில்தான். முன்பரிசோதனை இல்லை, பின்கவனிப்பு இல்லை. அறுவைக்கு அடுத்த சில நாள்களிலேயே வலியோடு இரயில் ஏற வேண்டும். மருத்துவரின் கை பட்டதாலேயே ஒன்று மருத்துவக் கண்காணிப்பு ஆகிவிடாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது.

மருத்துவர்கள் ஏன் ஒளிந்து செய்தார்கள் என்பதற்குச் சட்டத்திலும் ஒரு காரணம் இருந்தது. இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 320-ஆம் பிரிவு கொடுங்காயங்களை வரிசைப்படுத்தும்போது முதலாவதாகச் சொன்னதே ஆண்மை நீக்கம். நோயாளியின் நன்மைக்காக, அவரது சம்மதத்தோடு, நல்லெண்ணத்தில் செய்ததைக் குற்றமாகக் கொள்ளாத 88-ஆம் பிரிவும் அதே சட்டத்தில் இருந்தது. ஆனாலும் வழக்கு வந்தால் என்ன செய்வது என்ற அச்சத்தில் பெரிய மருத்துவமனைகள் ஒதுங்கிக்கொண்டன. ஒதுங்கிய இடத்தைச் சந்துக் கிளினிக்குகள் பிடித்தன.

அறுவை முடிந்ததும் கதை முடிந்தது என்ற நம்பிக்கை இன்றும் பரவலாக இருக்கிறது. ஜமாத்தின் நாற்பதாம் நாள் சடங்கில் பால் ஊற்றி வந்தபின், இனி மாத்திரை எதற்கு என்று பலர் நிறுத்திவிடுகிறார்கள். உடல் இயங்கும் விதத்தில் இது பெரிய பிழை. விரைகள் போனபின் டெஸ்டோஸ்டிரோன் ஏறக்குறைய முழுதும் நின்றுவிடுகிறது. வெளியிலிருந்து ஈஸ்ட்ரோஜனும் வராவிட்டால் உடலில் எந்தப் பாலின ஹார்மோனும் போதிய அளவில் இருக்காது. எலும்பு என்பது ஒரு முறை கட்டி முடித்த சுவர் அன்று. ஒரு பக்கம் செல்கள் அரித்துக்கொண்டே இருக்க, மறுபக்கம் வேறு செல்கள் பூசிக்கொண்டே இருக்கும். அரிப்பை அடக்கி வைப்பது ஈஸ்ட்ரோஜன். ஆணின் உடலிலும் இந்த வேலையைப் பெரிதும் செய்வது, டெஸ்டோஸ்டிரோனிலிருந்து உண்டாகும் ஈஸ்ட்ரோஜனே. அது இரண்டு வழியிலும் நின்றுபோனால், மாதவிடாய் நின்ற பெண்ணுக்கு ஐம்பதில் தொடங்கும் எலும்புத் தேய்மானம் இருபதுகளிலேயே நிர்வாணம் முடித்த திருநங்கைக்குத் தொடங்கிவிடும். நாற்பதைத் தாண்டிய பல மூத்த திருநங்கைகளின் இடுப்புவலிக்கும் முதுகுவலிக்கும் களிம்புதான் தேய்க்கப்படுகிறது. யாரும் எலும்பு அடர்த்தியைச் சோதிக்கச் சொல்வதில்லை.

நேர் எதிரான பிழையும் நடக்கிறது. ஆண் ஹார்மோனைத் தடுக்கும் மருந்துகளை அறுவைக்குப் பின்னும் தொடர்பவர்கள் இருக்கிறார்கள். தடுப்பதற்கு ஒன்றும் மிச்சமில்லாத நிலையில் பக்கவிளைவு மட்டுமே மிஞ்சும். சைப்ரோட்டரோன் கல்லீரலைப் பாதிக்கக்கூடும். நீண்ட காலம் கூடுதல் அளவில் எடுத்தால் மூளையுறையில் கட்டி வரும் அபாயம் இருப்பதாக ஐரோப்பிய மருந்து முகமை 2020-இல் எச்சரித்து, பயன்பாட்டைக் கட்டுப்படுத்தியது. ஆம்ஸ்டர்டாமில் ஒரு காலத்தில் நாளுக்கு 100 மில்லிகிராம் தந்தார்கள். உலகத் திருநர் நல மருத்துவச் சங்கத்தின் 2022 வழிகாட்டி அதில் பத்தில் ஒரு பங்கே போதும் என்கிறது. கேட்டறிந்த அளவில் மாத்திரை போடுபவருக்கு வந்து சேர்வது பெரும்பாலும் பழைய கணக்கு.

இன்னொரு தடுப்பு மருந்தான ஸ்பைரோனோலாக்டோன் அடிப்படையில் சிறுநீர் பெருக்கி. உப்பையும் நீரையும் வெளியேற்றி, பொட்டாசியத்தை உடலில் தேக்கிவைக்கும். திண்டுக்கல் சமவெளியின் சித்திரை வெயிலில் நீரிழப்பு ஏற்கெனவே அதிகம். வெயிலுக்கு இளநீர் குடிப்பதோ இங்கே இயல்பு, இளநீரில் நிறைந்திருப்பதோ பொட்டாசியம். சிறுநீரகம் நன்றாக இருக்கும் இளம் வயதினருக்கு இதனால் பெரும்பாலும் தீங்கில்லை. சர்க்கரை நோயால் சிறுநீரகம் தளர்ந்தவருக்கோ, சிலவகை இரத்த அழுத்த மாத்திரை எடுப்பவருக்கோ பொட்டாசியம் அளவு மீறினால் இதயத் துடிப்பே தாறுமாறாகும். தமக்குச் சர்க்கரை இருப்பது தெரியாமலே இருப்பவர்கள் நம்மூரில் எத்தனை பேர் என்று யோசித்தால், ஒரு எளிய இரத்தப் பரிசோதனையின் அருமை புரியும்.

மருந்துக்கும் மருந்துக்கும் உள்ள மோதல் இன்னும் நுட்பமானது. காசநோய்க்குத் தரப்படும் ரிஃபாம்பிசின் கல்லீரலின் சிதைக்கும் நொதிகளை முடுக்கிவிடும். ஈஸ்ட்ரோஜன் வழக்கத்தைவிட வேகமாக அழிந்துபோகும். வலிப்புக்கான ஃபெனிட்டாயினும் கார்பமசெப்பினும் அப்படியே. காரணம் அறியாதவர் ‘மாத்திரை வேலை செய்யவில்லை’ என்று எண்ணிக்கையைக் கூட்டுவார். காசநோய்ச் சிகிச்சை முடிந்ததும் நொதிகள் பழைய நிலைக்குத் திரும்பும். கூட்டிய மாத்திரை மட்டும் அப்படியே நிற்கும்.

தாமே ஆய்வகத்துக்குப் போய் இரத்தம் கொடுத்துப் பார்க்கும் விவரமானவர்களும் உண்டு. அவர்களையும் எத்தினைல் எஸ்ட்ராடயால் ஏமாற்றிவிடும். வழக்கமான எஸ்ட்ராடயால் பரிசோதனை இயற்கை எஸ்ட்ராடயாலைத்தான் அளக்கும். வேறு வடிவம் கொண்ட இந்தச் செயற்கை மூலக்கூறைச் சரியாகக் காட்டாது. நாளுக்கு நான்கு கருத்தடை மாத்திரை போடுபவரின் அறிக்கையில் ஈஸ்ட்ரோஜன் ‘குறைவு’ என்று வரக்கூடும். அதை நம்பி ஐந்தாவது மாத்திரையைச் சேர்த்தால் ஏறுவது இரத்தம் உறையும் வாய்ப்பு ஒன்றே. பரிசோதனை எண் இருந்தால் மட்டும் போதாது, அதைப் படிக்கத் தெரிந்தவரும் வேண்டும்.

அளவைக் கூட்டினால் விரைவில் மாறலாம் என்ற எண்ணமே மிகப் பெரிய தூண்டில். மார்பு வளர்ச்சி மூன்று முதல் ஆறு மாதங்களில் தொடங்கி இரண்டு, மூன்று ஆண்டுகளில் முழுமை பெறும். எவ்வளவு வளரும் என்பதைப் பெரிதும் தீர்மானிப்பது பரம்பரை. பருவமடையும் பெண்ணுக்கும் இதற்குச் சில ஆண்டுகள் பிடிக்கின்றன. ஏற்கெனவே உடைந்த குரலை ஈஸ்ட்ரோஜன் மெலிதாக்காது, முளைத்துவிட்ட தாடியை முற்றிலும் நீக்காது. இந்த எல்லைகளை முன்கூட்டியே யாரேனும் சொல்லியிருந்தால் அட்டை அட்டையாக விழுங்கும் அவசரம் பாதி குறைந்திருக்கும். விந்தணு உற்பத்தி குன்றுவதையும், வேண்டுமானால் முன்பே சேமித்து வைக்கலாம் என்பதையும் மெடிக்கல் கடையில் சொல்ல ஆளில்லை.

திருநம்பிகளின் நிலை சற்று வேறு. அவர்களுக்கு வேண்டிய டெஸ்டோஸ்டிரோன் பெரும்பாலும் எண்ணெயில் கரைத்த ஊசி. உடற்பயிற்சிக்கூட வட்டாரங்களில் சீட்டில்லாமல் கைமாறும் சரக்கில் உள்ளே இருப்பது என்ன என்பதற்கு உத்தரவாதம் இல்லை. தசையில் போட வேண்டிய எண்ணெய் ஊசி தவறி இரத்தநாளத்தில் இறங்கினால் நுரையீரல் திணறும். ஒரே ஊசியைப் பலர் பகிர்ந்தால் எச்ஐவியும் மஞ்சள் காமாலைக் கிருமிகளும் பரவும். முறையாகப் போட்டாலும் டெஸ்டோஸ்டிரோன் சிவப்பணுக்களைப் பெருக்கும். இரத்தத்தில் அவற்றின் பங்கு 54 விழுக்காட்டைத் தாண்டினால் இரத்தம் குழம்பாகிப் பக்கவாதம் வரை போகலாம் என்பதால் மருத்துவர்கள் அந்த எண்ணைக் கண்கொத்திப் பாம்பாகக் கவனிப்பார்கள். மாதவிடாய் நின்றுவிட்டது என்பதால் கருத்தரிக்காது என்று நினைப்பதும் தவறு. டெஸ்டோஸ்டிரோன் கருத்தடை மருந்து அன்று. குரல் மாற்றமோ நிரந்தரம். மருந்தை நிறுத்தினாலும் பழைய குரல் திரும்பாது.

இவ்வளவையும் தவிர்க்க மருத்துவக் கண்காணிப்பு செய்வது என்ன என்று பார்த்தால், வியப்பூட்டும் அளவுக்கு எளியது. தொடங்குமுன் இரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு, கல்லீரல், சிறுநீரகச் சோதனைகள். குடும்பத்தில் யாருக்கேனும் இரத்தம் உறைந்த வரலாறு உண்டா, புகைபிடிக்கும் பழக்கம் உண்டா என்ற கேள்விகள். முதல் ஆண்டில் மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஹார்மோன் அளவு, அதன்பின் ஆண்டுக்கு ஓரிரு முறை. எத்தினைல் எஸ்ட்ராடயாலுக்குப் பதில் இயற்கை எஸ்ட்ராடயால். வயதானவர்களுக்கும் உறைவு அபாயம் உள்ளவர்களுக்கும் கல்லீரலைச் சுற்றிப் போகும் தோல்வழிக் களிம்பு. இதில் எதற்கும் பெருநகர மருத்துவமனைதான் வேண்டும் என்பதில்லை. மாவட்டத் தலைநகரில் செய்யக்கூடியதே.

பிறகு ஏன் மக்கள் போவதில்லை? குற்றம் முழுதும் போகாதவர் தலையில் விழக் கூடாது. மருத்துவம் நீண்ட காலம் இவர்களுக்குக் கதவாக இருந்ததைவிடக் காவலாக இருந்ததே அதிகம். உலகத் திருநர் நல மருத்துவச் சங்கத்தின் வழிகாட்டி வரிசையில் 1979-இல் வெளிவந்த முதலாவதும் அதன் அடுத்தடுத்த பதிப்புகளும் மனநலக் கடிதத்தையும், விரும்பும் பாலினத்தில் ஊரறிய வாழ்ந்து காட்டும் காலத்தையும் நிபந்தனையாக வைத்தன. மீசையோடு சேலை கட்டி ஊருக்குள் சில மாதம் நடமாடிக் காட்டு, பிறகு மருந்து தருகிறோம் என்பது சின்ன ஊரில் என்ன பொருள் தரும் என்று விளக்க வேண்டியதில்லை. உலக சுகாதார நிறுவனம் 2019-இல் ஏற்று 2022-இல் நடைமுறைக்குக் கொண்டுவந்த நோய் வகைப்பாட்டில்தான் பாலின முரண் மனநோய்ப் பட்டியலிலிருந்து அகற்றப்பட்டது. ஆண்கள் வரிசையா, பெண்கள் வரிசையா என்று ஓபி சீட்டு வாங்கும் இடத்திலேயே தொடங்கும் சங்கடம், அடையாள அட்டையில் உள்ள பழைய பெயரைச் சத்தமாகக் கூப்பிடுவதில் முற்றும். ஒரு முறை அப்படி அழைக்கப்பட்டவர் மறுமுறை வரமாட்டார்.

காகிதத்தில் தமிழ்நாடு முன்னோடி. நாட்டிலேயே முதலாவதாகத் திருநங்கைகள் நல வாரியம் 2008-இல் இங்கே அமைந்தது. அரசு மருத்துவமனையில் கட்டணமில்லா அறுவை சிகிச்சையும் அதையொட்டி வந்தது. 2014 ஏப்ரல் 15 அன்று உச்ச நீதிமன்றம் தேசியச் சட்டப் பணிகள் ஆணையத்தின் (நால்சா) வழக்கில், பாலினத்தைத் தாமே அறிவிக்கும் உரிமையை ஏற்று, அதற்கு அறுவையை நிபந்தனையாக்கக் கூடாது என்றது. 2019-ஆம் ஆண்டின் திருநர் பாதுகாப்புச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு ஹார்மோன் சிகிச்சை, அறுவை, முன்பின் ஆலோசனை, காப்பீடு ஆகியவற்றை அரசின் கடமையாக வைத்தது. 2021 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், பாலின அடையாளத்தையும் பாலீர்ப்பையும் ‘மாற்றிக் காட்டும்’ போலிச் சிகிச்சைகளைத் தடுக்க உத்தரவிட்டார். அந்த வழக்கைத் தொடங்கிவைத்தவர்கள் மதுரையிலிருந்து சென்னைக்கு ஓடிவந்த இரு பெண்கள். 2022 ஆகஸ்டில் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் திருநர் ஒருவருக்கு ஆண்டுக்கு 5 இலட்சம் ரூபாய் வரை காப்பீடு அறிவிக்கப்பட்டது. சென்னை இராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையிலும் மதுரை அரசு இராசாசி மருத்துவமனையிலும் திருநர்களுக்கான தனிப் பிரிவுகள் வந்தன. திண்டுக்கல்லுக்கே 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ‘பிறர்’ என்று பதிந்தவர்கள் தமிழ்நாட்டில் மட்டும் 22,364 பேர். உண்மை எண்ணிக்கை கூடுதலாகவே இருக்கும். இத்தனை பேருக்கு, மாவட்டந்தோறும் கிடைக்காத சேவை அரைச் சேவையே.

தாமே மருந்து எடுப்பதில் உள்ள நன்மை என்று சொல்லக்கூடியது விரைவும் மானமும். காத்திருக்க வேண்டாம், யாரிடமும் கூசி நிற்க வேண்டாம். தான் யார் என்பதை மற்றொருவரிடம் நிரூபிக்க வேண்டியதும் இல்லை. இவை சிறியவை அல்ல. பாலின முரணால் தவிப்பவருக்கு மருந்து கிடைக்காமல் இருப்பதும் ஓர் ஆபத்து. தாமதம் நடுநிலையானது என்று மருத்துவம் நினைத்தால் அது தவறான கணக்கு. வளம் மிகுந்த நாடுகளிலும் இதே நிலைதான். இலண்டன் மருத்துவமனை ஒன்றுக்கு முதன்முதலாக வந்த திருநங்கைகளில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் ஏற்கெனவே தாமாக ஹார்மோன் எடுத்துக்கொண்டிருந்ததை 2014-ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று பதிந்தது.

எனவே மருத்துவர் முன் வந்து நிற்கும் பலர் ஏற்கெனவே மாத்திரையோடுதான் வருகிறார்கள். அவர்களிடம் ‘எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு வா’ என்பது அனுபவமற்ற பதில். அப்படிச் சொன்னால் அவர்கள் மாத்திரையை விட மாட்டார்கள், மருத்துவமனையை விடுவார்கள். உலகத் திருநர் நல மருத்துவச் சங்கத்தின் ஏழாம் வழிகாட்டி இதற்கு ஓர் இடைவழி சொன்னது: நீண்டகாலம் மருந்து தந்து கண்காணிக்கும் மருத்துவர் கிடைக்கும்வரை, ஒன்று முதல் ஆறு மாதத்துக்குப் பாதுகாப்பான மருந்தை மருத்துவரே எழுதித்தந்து, கண்காணிப்புக்குள் கொண்டுவருவது. இந்தியாவுக்கென்று 2020-இல் தனி வழிகாட்டியும் வந்துவிட்டது. மாலா-என் அட்டையோடு வருபவருக்கு அன்றைக்கே எஸ்ட்ராடயாலை எழுதிக் கொடுத்து, இரத்தம் எடுத்து, மூன்று மாதத்தில் வரச் சொல்வது ஒரு பொது மருத்துவரால் முடியாத காரியமல்ல. தாமே மருந்து எடுப்பதா, மருத்துவரிடம் போவதா என்ற கேள்விக்கு அறிவியல் தரும் தீர்ப்பு ஐயமில்லாமல் இரண்டாவதன் பக்கம். ஆனால் அந்தத் தீர்ப்பை நிறைவேற்றும் பொறுப்பில் பெரும்பகுதி மருத்துவத்தின் தோளில்தான் இருக்கிறது.

அதுவரை, சீட்டில்லாமல் ஹார்மோன் எடுப்பவர்களும் உடன் இருப்பவர்களும் சில அறிகுறிகளை நினைவில் வைத்திருக்க வேண்டும். ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும், திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, ஒரு பக்கம் மரத்துப்போதல், வழக்கத்துக்கு மாறான கடும் தலைவலி. இவற்றில் ஒன்று வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் 108-ஐ அழைக்க வேண்டும். அவசரப் பிரிவில் மறைக்காமல் முதலில் சொல்ல வேண்டியது மூன்றே விவரம்: என்ன மாத்திரை, நாளுக்கு எத்தனை, எத்தனை மாதமாக.